நைலுக்கு எத்தனை முழம்?

பூக்கடையில் மல்லிகை வாங்கியிருப்பீர்கள். பூக்காரர் ஸ்கேல் வைத்தா அளக்கிறார்? முழங்கையிலிருந்து நடுவிரல் நுனிவரை சரத்தை இழுத்துப் பிடிப்பார், அறுப்பார், கொடுத்துவிடுவார். அந்த முழத்தை வைத்து ஓர் ஆற்றை அளந்திருக்கிறார்கள். ஆற்றின் நீளத்தை அல்ல, உயரத்தை! அதை அளந்த படிக்கட்டில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்திருக்கிறேன்.

நான் மட்டும் போகவில்லை. பதினொரு பேர், எல்லாரும் பெண்கள். பாதிப்பேர் என்னைப்போல ஓய்வுபெற்ற ஆசிரியைகள். ஒருவர் வங்கியில் இருந்தவர். ஒருவர் மதுரையில் முப்பது வருடமாகப் பூக்கடை நடத்துகிற அக்கா. பேரன் பேத்திகளை அவரவர் அப்பா அம்மாவிடமே திருப்பி ஒப்படைத்துவிட்டு எகிப்துக்குக் கிளம்பினோம். லுக்சோரில் கப்பல் ஏறி, நாலு நாள் நைல் ஆற்றின் மேலேயே உண்டு உறங்கி, வழியில் கோயில் கோயிலாக இறங்கிப் பார்த்து, அஸ்வானில் கரையேறுவது திட்டம். தூரம் சுமார் 200 கிலோமீட்டர்தான். பஸ்ஸில் போனால் அரை நாள்கூட ஆகாது. ஆனால் அவசரமாகப் போக நாங்கள் என்ன பரீட்சைக்கா போகிறோம்?

முதல் நாளே ஒரு குழப்பம். கப்பல் தெற்கே போகிறது. ஆனால் ஆற்றை எதிர்த்துப் போகிறது. நைல் தெற்கிலிருந்து வடக்கே ஓடுகிற ஆறு. அதனால் எகிப்தின் தெற்குப் பகுதிக்குத்தான் ‘மேல் எகிப்து’ என்று பெயர். காற்றோ பெரும்பாலும் வடக்கிலிருந்து தெற்கே வீசுகிறது. ஆறு ஒரு பக்கம், காற்று மறுபக்கம். அந்தக் காலப் படகோட்டிக்கு இதைவிட என்ன வேண்டும்? தெற்கே போகப் பாயை விரிப்பார். வடக்கே திரும்பப் பாயை இறக்கிவிட்டு நீரோட்டத்தோடு வருவார். அவர்களுடைய சித்திர எழுத்திலும் இது பதிந்துவிட்டது. ‘தெற்கே போ’ என்று எழுத, பாய் விரித்த படகை வரைந்தார்கள். ‘வடக்கே போ’ என்றால் பாய் இல்லாத படகு.

எஸ்னா என்ற ஊர் நெருங்கியதும் கப்பல் நின்றது. முன்னால் நாலைந்து கப்பல்கள் வரிசையில். ஆற்றின் குறுக்கே தடுப்பணை. அணைக்கு அந்தப் பக்கம் தண்ணீர் ஏறக்குறைய 8 மீட்டர் உயரத்தில் நிற்கிறது, கிட்டத்தட்ட இரண்டு மாடி உயரம். கப்பல் எப்படி மாடி ஏறும்?

நாங்கள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே கீழே சின்னப் படகுகள் சூழ்ந்துகொண்டன. அங்கிகளையும் மேசை விரிப்புகளையும் பிளாஸ்டிக் பையில் சுருட்டி, படகில் நின்றபடியே எங்கள் மொட்டைமாடிக்கு வீசுகிறார்கள்! குறி தப்பவே இல்லை. பிடித்திருந்தால் அதே பைக்குள் காசை வைத்துத் திருப்பி வீச வேண்டும். பிடிக்காவிட்டால் துணியையே வீச வேண்டும். எங்கள் வங்கி அம்மா மேலிருந்தபடியே விரலைக் காட்டிப் பேரம் பேசி, பாதி விலைக்கு ஒரு நீல அங்கி வாங்கிவிட்டார்.

இப்போது மாடி ஏறும் வித்தை. அணையை ஒட்டி நீளமான கான்கிரீட் தொட்டி. முன்னும் பின்னும் பெரிய இரும்புக் கதவுகள். இதற்கு நீர்ப்பூட்டு என்று பெயர். நம் பக்கிங்காம் கால்வாயிலும் ஒரு காலத்தில் இப்படிப்பட்டவை இருந்தன. கப்பல் உள்ளே நுழைந்ததும் பின்கதவு மூடும். மேல்மட்டத்துத் தண்ணீரைத் தொட்டிக்குள் திறந்துவிடுவார்கள். தண்ணீர் ஏற ஏற, மிதக்கிற கப்பலும் ஏறும். உள்ளேயும் வெளியேயும் மட்டம் ஒன்றானதும் முன்கதவு திறக்கும். கப்பல் போய்விடும். அவ்வளவுதான். இத்தனை பெரிய கப்பலைத் தூக்க கிரேனும் இல்லை, பம்பும் இல்லை. தண்ணீர் மேலிருந்து கீழே வரத்தானே செய்யும்? அந்த ஒரு குணமே போதும்.

ஒரு கணக்கு போடுவோமா? தொட்டி 100 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 8 மீட்டர் நிரப்ப 12,000 கன மீட்டர் தண்ணீர் வேண்டும், அதாவது 1 கோடியே 20 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் பிடிக்கிற தண்ணீர் லாரிகள் ஆயிரம்! இதில் ஒரு வேடிக்கை உண்டு. தொட்டிக்குள் எங்கள் ஐந்தடுக்குக் கப்பல் நின்றாலும் சரி, ஒரே ஒரு மீன்பிடிப் படகு நின்றாலும் சரி, மேலிருந்து வருவது அதே ஆயிரம் லாரித் தண்ணீர்தான். ஏன் என்று நீங்களே யோசியுங்கள். ஒரு வாளியும் ஒரு கிண்ணமும் இருந்தால் குளியலறையிலேயே விடை கிடைத்துவிடும். (அம்மா திட்டினால் நான் பொறுப்பில்லை.)

எட்ஃபு, கோம் ஓம்போ கோயில்களைப் பற்றி எழுதத் தனிக் கட்டுரை வேண்டும். முதலைத் தலைக் கடவுளான சோபெக்கை வணங்கிய கோம் ஓம்போவில், பதப்படுத்திய முதலை உடல்களைக் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். அந்தக் கோயிலில் ஒரு வட்டக் கிணறும் இருக்கிறது. நைல் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்க்கிற கிணறு. அதைவிட நல்லது அஸ்வானில் இருக்கிறது என்றார் வழிகாட்டி.

அஸ்வானுக்கு எதிரே, ஆற்றின் நடுவில் எலிஃபன்டைன் என்ற தீவு. அதன் கரையில் கற்படிகள் நீரை நோக்கி இறங்குகின்றன. பக்கச் சுவரில் கோடு கோடாகக் குறிகள். அதுதான் நைல்மானி. ஆற்றங்கரையிலேயே ஒரு கம்பத்தை நட்டு அளந்தால் என்ன? அலை ஆடும், அளவு தப்பும். பக்கச் சுவர்களுக்கு நடுவே இருக்கும் தண்ணீர் ஆற்றோடு தொடர்புள்ளது, ஆனால் அவ்வளவாக ஆடாது. ஒன்றோடொன்று தொடர்புள்ள தண்ணீர் எல்லா இடத்திலும் ஒரே மட்டத்தில்தான் நிற்கும். கொத்தனார் குழாயில் தண்ணீர் நிரப்பி இரண்டு சுவருக்கும் மட்டம் பார்க்கிறாரே, அதே உத்தி. நீர்ப்பூட்டுத் தொட்டியில் தண்ணீர் மேல்மட்டம்வரை ஏறியதுகூட இதே விதியால்தான்.

குறிகள் முழக் கணக்கில் இருக்கின்றன என்று கேட்டதும் பூக்கடை அக்காவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. சுவரைத் தொடாமல் கையை நீட்டிப் பிடித்துப் பார்த்தார். “என்ன டீச்சர், இவங்க முழம் நம்ம முழத்தைவிடப் பெரிசா இருக்கு? இந்தக் கணக்குல பூ வித்தா நான் கடைய மூட வேண்டியதுதான்!” என்றார்.

அக்கா சொன்னது சரி. நம் பழைய கணக்கில் 12 விரல் ஒரு சாண், 2 சாண் ஒரு முழம். ஆக 24 விரல். எகிப்தியரின் சாதாரண முழமும் 24 விரல்தான். விரலும் கையும் எல்லா ஊரிலும் உண்டுதானே! ஆனால் அரசாங்க வேலைக்கு அவர்கள் இன்னும் 4 விரல் சேர்த்து, 28 விரல் கொண்ட ‘அரச முழம்’ வைத்திருந்தார்கள். அது 52 சென்டிமீட்டருக்குச் சற்று அதிகம். ஆளுக்கு ஆள் கை மாறும். அதனால் முழத்தைக் கோலாகவே செய்து வைத்துக்கொண்டார்கள்.

இவ்வளவு கவனமாக அளந்தது எதற்கு? சாப்பாட்டுக்கும் வரிக்கும். வெள்ளம் ஏறினால் வயலில் வண்டல் படியும், விளைச்சல் பெருகும், வரியும் கூடும். 16 முழம் ஏறினால் நாட்டுக்கே மகிழ்ச்சி என்றும், 12 முழத்தோடு நின்றால் பஞ்சம் என்றும் ரோமானிய எழுத்தாளர் பிளினி குறித்திருக்கிறார். அதிகம் ஏறினாலும் தொல்லை. தண்ணீர் வடியத் தாமதமாகி விதைக்கும் பருவம் தவறிவிடும்.

ஆனால் மழையே இல்லாத ஊரில், கொளுத்தும் கோடையில், ஆறு மட்டும் எப்படிப் பெருகியது? ஏறக்குறைய 2,500 ஆண்டுகளுக்கு முன் எகிப்துக்கு வந்த கிரேக்கர் ஹெரோடோட்டஸும் இதைக் கேட்டுத் தலையைப் பிய்த்துக்கொண்டார். விடை தெற்கே வெகுதொலைவில், எத்தியோப்பிய மலைகளில் இருந்தது. ஜூன் முதல் செப்டம்பர் வரை அங்கே பெய்கிற பருவமழை நீல நைல் வழியாக இறங்கி வருகிறது. கேரளத்திலும் குற்றாலத்திலும் சாரல் அடிக்கிற அதே மாதங்கள்!

இது வெறும் ஒற்றுமை அல்ல. பசிபிக் பெருங்கடல் அளவுக்கு மீறிச் சூடாகும் எல்-நினோ ஆண்டுகளில் இரண்டு மழையும் பல முறை சேர்ந்தே குறைந்திருக்கின்றன. 1876 முதல் 1878 வரை நம் ஊர்களை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தைப் பற்றிப் பாட்டி தாத்தாவைக் கேட்டுப் பாருங்கள். அதன் நடுவில், 1877இல், நைலின் வெள்ளமும் மிகவும் குறைந்துபோனது. அங்கே படிக்கட்டில் ஏறாமல் நின்ற தண்ணீரும் இங்கே வறண்டுபோன ஏரியும் ஒரே கதையின் இரண்டு பக்கங்கள். அந்தப் படியில் உட்கார்ந்து நான் இதைச் சொல்லி முடித்ததும், பதினொரு பேரும் கொஞ்சநேரம் பேசவே இல்லை. அது ஓர் அதிசயம்தான்.

இப்போது அந்தப் படிக்கட்டுக்கு வேலை இல்லை. 1970இல் கட்டி முடிந்த அஸ்வான் உயர் அணை வெள்ளத்தை நிறுத்திவிட்டது. அணைக்குப் பின்னால் சுமார் 500 கிலோமீட்டர் நீளத்துக்கு ஏரி. அதில் மூழ்கவிருந்த அபு சிம்பெல் கோயிலை 1964 முதல் 1968 வரை துண்டு துண்டாக அறுத்து, 65 மீட்டர் மேலே கொண்டுபோய் ஒட்டவைத்தார்கள். மின்சாரமும் பாசனமும் கிடைத்தன. வண்டல் மட்டும் ஏரியின் அடியிலேயே தங்கிவிடுகிறது. வயலுக்கு உரம் வாங்கிப் போடுகிறார்கள்.

சரி, ஒரு ஸ்கேலை எடுங்கள். உங்கள் முழம் எத்தனை சென்டிமீட்டர்? அப்பா, அம்மா, பாட்டி முழங்களையும் அளந்து எழுதுங்கள். தெரு முனையில் பூ விற்பவரின் முழத்தையும் கேட்டு அளக்க மறக்காதீர்கள். மதுரை அக்காவின் முழம் 43 சென்டிமீட்டர்.