வளைவில் பொறித்த பெயர்களும் பொறிக்காத பெயர்களும்

கடல் கடந்து சென்று உழைத்து மாண்ட முன்னோரைப் பின்வந்தவர்கள் எவ்வாறு நினைவுகூர வேண்டும்? கல்லறை கட்டலாம், ஆண்டுதோறும் ஆராதனை நடத்தலாம். ஐக்கிய அமெரிக்காவின் ஒகாயோ மாநிலத்திலுள்ள ஓபர்லின் கல்லூரி இன்னொரு வழியையும் கண்டது. முன்னோர் பணி செய்த திசைக்கே தன் இளைஞரை அனுப்பியது; அங்குள்ளோரைத் தன்னிடம் வரவழைத்தது. சீனாவில் தொடங்கிய இந்த வழி மதுரை வரை வந்தது. சப்ரகமுவத் தோட்டங்களில் பிறந்த நம்மில் பலருக்கு மதுரைப் பக்கம் பாட்டன், பூட்டன் பிறந்த மண். ஆகவே இக்கதை நமக்கும் உரியது.

சான்சியில் நடந்தது

1880களில் ஓபர்லினில் படித்த சிலர் மிஷனரிமாராக வடசீனாவின் சான்சி மாகாணத்துக்குச் சென்றனர். 1900ஆம் ஆண்டு அந்நியருக்கு எதிராகப் பொக்சர் எழுச்சி மூண்டபோது அங்கிருந்த மிஷனரிமாரும் அவர்களின் குழந்தைகளும் கொல்லப்பட்டனர். சீனக் கிறிஸ்தவர்கள் பலரும் உடன் மாண்டனர். 1903இல் கல்லூரி வளாகத்தில் ஒரு கல் வளைவு எழுப்பி, மிஷனரிமாரின் பெயர்களைப் பொறித்தார்கள். சீனரின் பெயர்கள் அதில் இடம்பெறவில்லை.

1908இல் சான்சி நினைவுச் சங்கம் உருவானது. குங் சியாங்-சி என்ற சீன இளைஞர் ஓபர்லினில் படித்து 1906இல் பட்டம் பெற்றவர். தாய்கூ என்ற தமது ஊருக்குத் திரும்பி அவர் நடத்திய பாடசாலைக்குச் சங்கம் துணை நின்றது. இளம் பட்டதாரிகளை ஆங்கிலம் கற்பிக்க அனுப்பியது.

1950களின் தொடக்கத்தில் சீனாவுடனான தொடர்பு அறுந்தது. சங்கம் ஆசியாவின் வேறு நாடுகளை நாடியது. மதுரையில் 1881இல் தொடங்கிய அமெரிக்கன் கல்லூரிக்கும், 1948இல் தொடங்கிய லேடி டோக் பெண்கள் கல்லூரிக்கும் ஓபர்லின் பட்டதாரிகள் வந்தனர். கற்பித்ததோடு அவ்வூர் மொழியையும் வாழ்க்கையையும் கற்றார்கள். ஆசியக் கல்லூரிகளின் ஆசிரியர்களும் ஓபர்லினுக்குச் சென்று தங்கினார்கள்.

வளைவைச் சுற்றி நடந்தவர்கள்

பட்டமளிப்பு நாளில் அந்த வளைவின் ஊடாக நடந்து செல்வது ஓபர்லின் வழக்கம். ஆனால் பிற்காலத்தில் மாணவர் சிலர் ஊடே செல்ல மறுத்து, வளைவைச் சுற்றிக்கொண்டு நடந்தனர். "மாண்டது இவர்கள் மட்டுமா?" என்பதே அவர்களுடைய கேள்வி. பின்னர், மாண்ட சீனரை நினைவுகூரும் ஒரு தகடும் அங்கே பதிக்கப்பட்டது. முன்னோரை மதிப்பதென்றால் அவரோடு நின்ற மற்றவர்களையும் மதிப்பது என்பதைக் கல்லூரி கற்றுக்கொள்ளப் பல்லாண்டுகள் சென்றன.

நமது பெயர்கள் எங்கே?

மதுரையில் அமெரிக்க மிஷன் 1834இல் தொடங்கியது. தொடங்கியவர்கள் யாழ்ப்பாணத்திலிருந்து சென்ற மிஷனரிமார். ஏறக்குறைய அதே காலத்தில்தான் தமிழ்நாட்டு ஏழை மக்கள் எதிர்த்திசையில் புறப்பட்டு, கங்காணியின் பின்னால் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே கோப்பித் தோட்டங்களுக்கு நடந்தார்கள். காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் வழியிலேயே விழுந்தவர் எத்தனையோ பேர். அவர்களுக்கு வளைவும் இல்லை, தகடும் இல்லை. 1854இல் தோட்டத் தொழிலாளருக்கென மிஷன் தொடங்கியபோது திருநெல்வேலியிலிருந்து வந்து தோட்டந்தோட்டமாக நடந்த உபதேசிமாரில் பலருடைய பெயர்களும் இன்று எவர் வாயிலும் இல்லை.

பின்னர் தேயிலையும் றப்பரும் வந்தன. இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களில் கொழுந்து பறித்தும் பால் வெட்டியும் தலைமுறைகள் வாழ்ந்தன. 1977, 1981, 1983ஆம் ஆண்டுகளின் வன்செயல்களில் லயங்களை விட்டோடிய குடும்பங்களில் பல வவுனியா, கிளிநொச்சிப் பகுதிகளில் காடு வெட்டிக் கமம் செய்தன. போர் அங்கிருந்தும் விரட்டியது. இத்தனை பெயர்ச்சியில் முதலில் தொலைந்தவை பத்திரங்கள். அடுத்துத் தொலைபவை பெயர்கள்.

பெயர்களைக் காப்பது வெறும் பாசத்துக்காக மட்டுமல்ல. 1948ஆம் ஆண்டுச் சட்டம் நம்மவரை நாடற்றவராக்கியது. 2003ஆம் ஆண்டுச் சட்டமோ 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி முதல் இலங்கையில் நிலையாக வாழ்ந்த இந்திய வம்சாவளியினருக்கும், இங்கு வாழும் அவர்களின் வழித்தோன்றல்களுக்கும் பிரஜாவுரிமை வழங்கியது. தாத்தா எந்தத் தோட்டத்தில், எந்த டிவிசனில் பேர்பதிந்து வேலை செய்தார் என்று சொல்லக்கூடிய பிள்ளைக்கு அந்த அறிவே ஒரு சொத்து.

இளைஞர் செய்யக்கூடியது

ஓபர்லின் போலப் பெரும் பணம் நமக்குத் தேவையில்லை. வன்னியில் வளரும் பிள்ளைகள் சிலர் தாத்தா, பாட்டி பிறந்த தோட்டத்துக்கு ஒரு வாரம் வரலாம். தோட்டத்துப் பிள்ளைகள் வன்னிக்குச் சென்று வயலும் கிணறும் பார்க்கலாம். இரு பக்கமும் போகவேண்டும், இரு பக்கமும் வரவேண்டும். ஒரு பக்கமே போனால் அது வெறும் சுற்றுலாவாகிவிடும்.

புறப்படுமுன் ஆளுக்கொரு கொப்பியில் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள்: தோட்டம், டிவிசன், கங்காணியின் பெயர், இந்தியாவில் சொந்த ஊர், தோட்டத்தை விட்ட ஆண்டு, யாரை எங்கே அடக்கம் செய்தோம். பிறப்புப் பத்திரம் இருந்தால் அதன் இலக்கத்தையும் குறியுங்கள். தோட்டத்துக்குள் போகுமுன் தலைவர் மூலம் நிர்வாகத்திடம் அனுமதி பெறுங்கள்.

ஒன்றை மறக்கவேண்டாம். கலவர இரவில் தம் வீட்டில் நம்மவரை ஒளித்துவைத்த சிங்கள அயலவர்களும் உண்டு. உங்கள் குடும்பத்துக்கு அப்படி உதவியவர் எவரேனும் இருந்தால், அவருடைய பெயரையும் அதே கொப்பியில் எழுதுங்கள். உயிரோடிருந்தால் பிள்ளைகளை அழைத்துச் சென்று அவரைக் கண்டு வாருங்கள்.