உதடு தைத்த பின்னும் உள்ள காரியம்

கிரகண வேளையில் கர்ப்பிணி அரிவாள்மணையைத் தொட்டுவிட்டாள், ஆகையால் சிசு மூளி உதட்டோடு ஜனித்தது என்று, பெற்ற நோவு ஆறுமுன்பே தாயின் தலையில் பழியைச் சுமத்தும் வழக்கம் நம் ஊர்களில் இன்னும் ஒழிந்தபாடில்லை. உண்மையோ வேறு. கர்ப்பத்தின் நான்காவது வாரத்துக்கும் ஏழாவது வாரத்துக்கும் இடையே, கருவுற்றிருப்பதைப் பல பெண்கள் நிச்சயமாய் அறிந்துகொள்ளும் முன்னரே, முகத்தின் இரு பக்கங்களிலிருந்தும் நடுவிலிருந்தும் வளர்ந்து வந்து ஒன்றுகூட வேண்டிய திசுக்கள் கூடாது நின்றுவிடுவதால் உதட்டுப் பிளவும், அதற்கடுத்த வாரங்களில் நாக்கின் இருமருங்கிலுமுள்ள தட்டுகள் மேலெழும்பி நடுவில் ஒட்டாமற் போவதால் மேல்வாயாகிய அண்ணத்தில் பிளவும் உண்டாகின்றன. உலகில் ஏறக்குறைய 700 சிசுக்களில் ஒன்றுக்கு இக்குறை நேர்கிறது. வம்சக்கூறு, புகையிலை, மது, சில வலிப்பு மருந்துகள் ஆகியவை இதற்குத் துணைபோகலாம். ஆயினும் வலிப்புக்கு மருந்துண்பவர் தாமாக அதை நிறுத்துவது பேராபத்து, கருத்தரிக்குமுன் வைத்தியரைக் கலந்துகொள்வதே விவேகம்.

முகத்தின் விகாரத்தைக் கண்டு கலங்கும் பெற்றோர் பேச்சைப் பற்றி நினைப்பதில்லை. ப, ட, த முதலிய வல்லினங்களை ஒலிக்க, அண்ணத்தின் பின்பகுதியாகிய மெல்லண்ணம் உயர்ந்து மூக்கு வழியை அடைத்து, காற்றை வாய்க்குள் அழுத்தி நிறுத்த வேண்டும். அண்ணம் பிளந்திருந்தால் காற்று மூக்கிற் கசிய, 'பாட்டி' என்று கூப்பிட வாயெடுத்த குழந்தையிடமிருந்து 'மாண்ணி' போன்றதோர் ஒலியே பிறக்கும். வாய்க்குள் காற்றை நிறுத்த முடியாத குழந்தை தொண்டையிலேயே எழுத்துகளை உடைத்து ஒலிக்கப் பழகிக்கொள்ளும். அப்பழக்கம் சஸ்திர சிகிச்சையால் மட்டும் மறைவதில்லை, பேச்சுப் பயிற்சியாளரிடம் பொறுமையோடு பயின்றாலொழிய அகலாது. நடுச்செவியில் நீர் தேங்கிக் கேள்வி மந்தமாவதும் இத்துடன் சேர்ந்துகொள்வதால், செவிப் பரிசோதனையும் அவசியம்.

முலையுறிஞ்ச இயலாத சிசுவை நிமிர்த்திப் பிடித்து, பீய்ச்சிய தாய்ப்பாலைப் பாலாடையால் புகட்டலாம். உதட்டை மூன்று முதல் ஆறு மாதத்துக்குள்ளும், அண்ணத்தைப் பேச்சு வேரூன்றுமுன், அதாவது ஒன்பது முதல் பதினெட்டு மாதத்துக்குள்ளும் சீராக்குவது வைத்திய மரபு. 2013-இல் தொடங்கிய ராஷ்ட்ரீய பால ஸ்வாஸ்திய காரியக்ரம் என்னும் மத்திய சர்க்கார் திட்டத்தில் இக்குறையும் சேர்க்கப்பட்டிருப்பதால், சிகிச்சையை இலவசமாய்ப் பெறுவது குழந்தையின் பாத்தியதை. அது யாருடைய தர்மமும் அன்று. ஆரம்ப சுகாதார நிலையத்திலோ மாவட்ட அரசு மருத்துவமனையிலோ கேட்டால் வழி சொல்வார்கள்.

உதடு அழகாய்ப் பொருந்தியதும் வேலை முடிந்ததென்று நின்றுவிடுவோர் அநேகர். பெற்றோரே, உதட்டுச் சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் அன்றே, அண்ணத்துக்கு எப்போது வரவேண்டும், பேச்சுப் பயிற்சி எங்கே கிடைக்கும் என்ற இரண்டையும் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.