பழைய வண்டி: வீட்டில் பார்க்க வேண்டியதும் கை வைக்கக் கூடாததும்



நம் தெருக்களில் வாசலுக்கு வாசல் நிற்பது பத்துப் பன்னிரண்டு வருடம் ஓடிய வண்டிகள்தாம். ஸ்கூட்டர், மொபெட், 100 சிசி பைக், சில வீடுகளில் கல்யாணம், மய்யித்து, ஆஸ்பத்திரி என்று எல்லாவற்றுக்கும் ஓடும் ஒரு பழைய மாருதி வேன். வியாபாரத்துக்குப் போகும் அத்தாவும், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடும் உம்மாவும் அந்த வண்டியை நம்பித்தான் காலையில் புறப்படுகிறார்கள்.

நமது டிரஸ்டிடம் வட்டியில்லாக் கடன் கேட்டு வரும் மனுக்களில் மருத்துவம், பள்ளிக் கட்டணம் இவற்றோடு ‘வண்டி இன்ஜின் வேலை’ என்ற காரணமும் அடிக்கடி இருக்கிறது. நம்மிடம் கேட்கக் கூச்சப்பட்டுத் தண்டல்காரரிடம் போய் மாட்டிக்கொண்டவர்களும் உண்டு. விசாரித்துப் பார்த்தால் பல நேரங்களில் காரணம் ஒன்றுதான். ஆயில் குறைந்திருக்கிறது, யாரும் திறந்து பார்க்கவில்லை. நானூறு ஐநூறு ரூபாய் ஆயிலில் முடிய வேண்டியது பிஸ்டன், போர் என்று பல ஆயிரங்களில் வந்து நிற்கிறது.

நம்மை எல்லாம் மெக்கானிக் ஆக்குவது இக்கட்டுரையின் நோக்கமல்ல. வாரம் பத்து நிமிடம் எதைப் பார்க்க வேண்டும், வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் எந்த வரிசையில் தேட வேண்டும், எந்த இடத்தில் நம் கை நிற்க வேண்டும் ஆகிய மூன்றை மட்டும் சொல்கிறேன். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்.6 வண்டிகளில் பெரும்பாலும் கார்புரேட்டர் கிடையாது. எல்லாம் சென்சார் மயம். கீழே எழுதியிருப்பது முக்கியமாக அதற்கு முந்தைய வண்டிகளுக்கானது.

வாரம் பத்து நிமிடம்

வெள்ளிக்கிழமை காலை குளிக்கும் முன் இதைச் செய்துவிடலாம். வண்டி சூடாகாமல் இருக்கும்போது பார்ப்பது நல்லது.

ஆயில்: ஸ்கூட்டரிலும் 100 சிசி பைக்கிலும் இருப்பதே ஒரு லிட்டர் அல்லது அதற்கும் குறைவான ஆயில்தான். அதில் கால் பங்கு குறைந்தாலும் இன்ஜின் பாடுபடும். வண்டியைச் சமதரையில் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். டிப் ஸ்டிக்கை எடுத்துத் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து, இரண்டு கோடுகளுக்கு இடையில் ஆயில் நிற்கிறதா என்று பாருங்கள். பார்க்கும்போது ஸ்டிக்கைத் திருக வேண்டுமா, சும்மா வைத்து எடுக்க வேண்டுமா என்பது வண்டிக்கு வண்டி மாறும். வண்டியோடு தந்த கையேட்டில் இருக்கும். ஆயில் கறுத்திருந்தால் பயப்பட வேண்டாம், மாற்றும் காலம் வந்ததா என்று கணக்குப் பாருங்கள். ஆனால் மோரும் காப்பியும் கலந்ததுபோல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. அந்த வண்டியை ஸ்டார்ட் செய்யக் கூடாது.

கார் ஆயில் மிச்சம் இருக்கிறதே என்று பைக்கில் ஊற்றாதீர்கள். கியர் பைக்கில் கிளட்ச் தகடுகள் இன்ஜின் ஆயிலிலேயே நனைந்து ஓடுகின்றன. கார் ஆயில் பட்டால் கிளட்ச் வழுக்கும். ஆக்சிலேட்டரை முறுக்கினால் சத்தம்தான் வரும், வண்டி இழுக்காது. பைக்குக்கு வாங்கும் டப்பாவில் ‘ஜாஸோ எம்.ஏ.’ என்ற குறி இருக்க வேண்டும். பழைய டூ ஸ்ட்ரோக் மொபெட் வைத்திருப்பவர்கள் பெட்ரோலோடு டூ-டி ஆயில் கலப்பதை ஒரு தடவைகூட விடக் கூடாது.

டயர்: எவ்வளவு காற்று என்பது கையேட்டிலோ வண்டியில் ஒட்டிய ஸ்டிக்கரிலோ இருக்கும். பின்னால் ஆள் ஏறினால் பின் சக்கரத்துக்குக் கூடுதல் காற்று வேண்டும். டயரின் பள்ளங்களுக்குள் குறுக்கே சிறு மேடுகள் இருக்கும். டயர் தேய்ந்து அந்த மேட்டின் மட்டத்துக்கு வந்துவிட்டால் அதன் ஆயுள் முடிந்தது என்று பொருள். ‘மழைக்காலம் கழியட்டும்’ என்று தள்ளிப் போடாதீர்கள்; வழுக்கிவிடுவதே மழையில்தான்.

பிரேக்: சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிப் பாருங்கள். தடையின்றிச் சுற்ற வேண்டும், லீவரைப் பிடித்தவுடன் நிற்க வேண்டும். டிரம் பிரேக் வண்டிகள் பலவற்றில் டிரம்மின் வெளிப்புறம் ஓர் அம்புக்குறி இருக்கும். பிரேக்கை முழுதாக அழுத்தும்போது அது எல்லைக் கோட்டைத் தொட்டால் ஷூ தேய்ந்துவிட்டது. நட்டைத் திருகி இனிமேல் பயனில்லை, ஷூவை மாற்ற வேண்டும்.

செயின்: கீழ்ப்பக்கச் செயினை நடுவில் விரலால் மேலும் கீழும் தள்ளினால் ஏறக்குறைய ஓர் அங்குலம் அசைய வேண்டும். துடைப்பதற்கு மண்ணெண்ணெய் அல்லது டீசல் போதும், பெட்ரோல் வேண்டாம். இன்ஜினை ஓடவிட்டு, கியரில் போட்டுச் சக்கரம் சுற்றச் சுற்றத் துணியால் துடைக்கும் பழக்கம் நம் பிள்ளைகளிடம் இருக்கிறது. துணி செயினில் மாட்டினால் விரலும் சேர்ந்து ஸ்பிராக்கெட்டுக்குள் போய்விடும். இன்ஜினை அணைத்து, சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்ட பிறகே செயினைத் தொட வேண்டும் என்று வீட்டில் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

ஸ்டார்ட் ஆகவில்லையா?

காலை அவசரத்தில் இருபது முப்பது தடவை கிக்கரை உதைப்பதைவிட ஒரு நிமிடம் நின்று யோசிப்பது மேல். முதலில் கில் சுவிட்ச் ஆஃபில் இருக்கிறதா, பெட்ரோல் டேப் திறந்திருக்கிறதா, டேங்கில் பெட்ரோல் இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்கூட்டரில் பிரேக்கைப் பிடித்தால்தான் செல்ஃப் வேலை செய்யும்.

செல்ஃபை அழுத்தினால் ‘டிக் டிக்’ என்று மட்டும் கேட்கிறது, ஹாரன் சத்தமும் மெலிந்திருக்கிறது என்றால் பேட்டரி பலம் குறைந்திருக்கிறது. டெர்மினலில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தாலும் கரண்ட் சரியாகப் போகாது. வெந்நீரில் சமையல் சோடா கரைத்துத் துடைத்து, நன்றாகக் காய்ந்தபின் இறுக்கினால் பாதி வண்டிகள் அதிலேயே உயிர் பெறும். கழற்றும்போது முதலில் மைனஸ், மாட்டும்போது முதலில் பிளஸ். மல்டிமீட்டர் இருந்தால், ஓடாமல் நிற்கும் நல்ல பேட்டரியில் சுமார் 12.6 வோல்ட் காட்டும். 12-க்குக் கீழே இருந்தால் சார்ஜ் போட வேண்டும். இன்ஜின் ஓடும்போது 13.5 முதல் 14.5 வரை ஏறவில்லை என்றால் பேட்டரியின் மேல் தப்பில்லை, சார்ஜ் ஏற்றும் பக்கத்தில்தான் கோளாறு. புது பேட்டரி வாங்கிப் பணத்தை வீணாக்கும் முன் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் வண்டி எடுக்கவில்லை என்றால் அடுத்தது பிளக். இன்ஜின் ஆறியபின் பிளக் ஸ்பேனரால் கழற்றி அதன் முனையைப் பாருங்கள். இளம் பழுப்பு நிறம் என்றால் ஆரோக்கியம். உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது, அல்லது ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறது. ஆயில் பிசுபிசுப்போடு கறுத்திருந்தால் இன்ஜின் ஆயிலைக் குடிக்கிறது. மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும். வெளுத்திருந்தால் இன்ஜின் அளவுக்கு மீறிச் சூடாகிறது. பெட்ரோலில் நனைந்திருந்தால் துடைத்துக் காயவைத்து மாட்டி, சோக் போடாமல் ஆக்சிலேட்டரை முழுதாகத் திறந்துவைத்து நாலைந்து முறை உதையுங்கள்.

பிளக்கை வெளியே வைத்துத் தீப்பொறி வருகிறதா என்று சோதிப்பதைப் பெட்ரோல் வாசனை வீசும் இடத்தில் ஒருபோதும் செய்யாதீர்கள்.

ஏர் ஃபில்டரிலும் கவனம் தேவை. ஸ்பாஞ்ச் வகையை மண்ணெண்ணெயில் கழுவிப் பிழிந்து, காயவைத்து, சில துளி ஆயில் தடவி மாட்டலாம். காகித வகையைக் கழுவக் கூடாது, மாற்றத்தான் வேண்டும்.

இவ்வளவும் பார்த்து எடுக்கவில்லை என்றாலும் உங்கள் நேரம் வீணாகவில்லை. ‘என்னமோ ஓடலை பாய்’ என்று சொல்வதற்கும், ‘பேட்டரி 12.6 காட்டுது, பிளக் நனைஞ்சிருக்கு, மழையில் நனைஞ்ச பிறகுதான் இப்படி’ என்று சொல்வதற்கும் வித்தியாசம் உண்டு. விவரம் சொல்கிறவரிடம் தேவையில்லாத பாகத்தை மாற்றச் சொல்ல யாரும் யோசிப்பார்கள். நல்ல மெக்கானிக்குக்கும் வேலை சுலபமாகும்.

சபுர் போன பிள்ளையின் வண்டி

மகன் துபாய்க்கோ சவூதிக்கோ போய்விடுவான். அவன் வண்டி உறையைப் போர்த்திக்கொண்டு இரண்டு வருடம் நிற்கும். லீவில் வந்ததும் ஸ்டார்ட் ஆகாது. இப்போது கிடைக்கும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். பழைய வண்டிகளின் ரப்பர் குழாய்களையும் வாஷர்களையும் காலப்போக்கில் கெடுக்கவும் செய்யும். தண்ணீர் சேர்ந்தால் அது எத்தனாலோடு டேங்கின் அடியில் தங்கி, துருவும் பிடிக்கும்.

ஆகவே ஊருக்குப் போகும் முன் பெட்ரோல் டேப்பை மூடிவிட்டு, கார்புரேட்டரில் உள்ளது தீர்ந்து வண்டி தானாக அணையும் வரை ஓடவிடுங்கள். பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றிவைத்து, சென்டர் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். அதைவிட நல்லது, வீட்டில் யாராவது வாரம் ஒருமுறை எடுத்துப் பத்து நிமிடம் ஓட்டிவருவது. கதவடைத்த ஷெட்டுக்குள் இன்ஜினை ஓடவிட்டு நிற்காதீர்கள். அந்தப் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது, ஆளைக் கொன்றுவிடும்.

வெள்ளத்தில் மூழ்கினால்

2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியதை யாரும் மறந்திருக்க மாட்டோம். அப்படிப்பட்ட நேரத்தில் தண்ணீர் வடிந்ததும் எல்லோரும் செய்யத் துடிப்பது சாவியைப் போட்டுப் பார்ப்பதுதான். அதைச் செய்யவே கூடாது. காற்றை அமுக்கும் பிஸ்டனால் தண்ணீரை அமுக்க முடியாது. உள்ளே தண்ணீர் இருக்கும்போது சுற்றினால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். இன்சூரன்ஸ் கம்பெனியும் ‘நீங்கள் ஸ்டார்ட் செய்ததால் வந்த சேதம்’ என்று கையை விரிக்க இடமாகும். முதலில் போட்டோ எடுங்கள், பேட்டரி வயரைக் கழற்றுங்கள், வண்டியைத் தள்ளியோ கட்டி இழுத்தோ ஒர்க்‌ஷாப் கொண்டு போங்கள்.

கை நிற்க வேண்டிய இடம்

டிஸ்க் பிரேக்கில் பிரேக் ஆயில் மட்டம் குறைந்ததா என்று பார்ப்பது நம் வேலை. அதைத் திறந்து காற்று எடுப்பது மெக்கானிக் வேலை. வேறு எந்த ஆயிலையும் அதில் ஊற்றினால் உள்ளே உள்ள ரப்பர் ஊதி, பிரேக் பிடிக்காமல் போகும்.

ஃபியூஸ் போனால் அதே ஆம்பியர் ஃபியூஸ்தான் போட வேண்டும். செம்புக் கம்பியையோ சிகரெட் அட்டைக் காகிதத்தையோ சுற்றி ஓட்டினால் அடுத்து எரிவது வயரிங், அதற்கடுத்து வண்டி.

வேன், கார் சூடேறி நின்றால் ரேடியேட்டர் மூடியை உடனே திறக்காதீர்கள். கொதிக்கும் தண்ணீர் முகத்தில் பீறிட்டு அடிக்கும். நன்றாக ஆறும்வரை பொறுத்திருங்கள். ஜாக்கி மட்டும் வைத்துத் தூக்கிய வண்டிக்கு அடியில் யாரும் படுக்கக் கூடாது. ஜாக்கி நழுவினால் தப்பிக்க நேரம் இருக்காது.

கேஸில் ஓடும் வேன் வைத்திருப்பவர்களிடம் ஒன்றை வலியுறுத்திச் சொல்கிறேன். வீட்டுச் சமையல் சிலிண்டரிலிருந்து வேனுக்குக் கேஸ் ஏற்றுவது சட்டப்படி குற்றம். அதைவிடப் பெரிய விஷயம், பள்ளிப் பிள்ளைகள் ஏறும் வண்டியில் அது உயிரோடு விளையாடுவது. அங்கீகாரம் பெற்ற கிட்டும் பங்க் நிரப்பும் எல்.பி.ஜி.யும் தவிர வேறு எதையும் ஏற்காதீர்கள்.

மாற்றிய பழைய ஆயிலைச் சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்றாமல் கேனில் சேர்த்து மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுங்கள். பக்கத்து வீட்டுக் கிணற்றுத் தண்ணீரும் நம் அமானிதம்தான்.

தாள்களும் வண்டியின் பாகமே

சொந்த வண்டியின் ஆர்.சி. 15 வருடத்துக்குத்தான் செல்லும். பிறகு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வண்டியைக் காட்டி, ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். இன்றைக்கே எடுத்துத் தேதியைப் பாருங்கள். மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் கட்டாயம். ‘பழைய வண்டிக்கு எதற்கு?’ என்று விட்டுவிட்டு, நம் வண்டி மோதி ஒருவருக்குக் கால் போனால், நஷ்ட ஈடு முழுவதும் நம் தலையில் விழும். வீடே விலைபோகும் அளவுக்கு அது வரலாம்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மேல் பொறுப்பை ஒப்படைக்கும்படி நபி (ஸல்) அவர்கள் சொல்லித் தந்த செய்தி நமக்கெல்லாம் தெரியும். நம் காலத்து ஒட்டகத்துக்குக் கயிறு என்பது பிரேக்கும் டயரும் ஆயிலும்தான்.

பிளக் ஸ்பேனர், காற்று அளக்கும் கேஜ், மல்டிமீட்டர், ஸ்பேனர் செட் அடங்கிய ஒரு பெட்டி நமது டிரஸ்ட் அலுவலகத்தில் இருக்கிறது. அஸருக்குப் பிறகு வந்து நோட்டில் பெயர் எழுதிவிட்டு எடுத்துச் செல்லலாம். மறுநாள் திருப்பித் தந்தால் போதும். சகோதரிகள் பிள்ளைகளை அனுப்பியும் வாங்கிக்கொள்ளலாம். இன்ஜின் வேலை வந்துவிட்டது, பணம் இல்லை என்றாலும் கூச்சப்படாமல் முதலில் நம்மிடம் வாருங்கள். தண்டல்காரர் வீட்டுப் படி ஏற வேண்டாம்.