ரஜூலா கப்பலில் போன காய்ச்சல்

ஆங் மோ கியோ பலதுறை மருந்தகத்துக்குத் தடுப்பூசி போட வரும் மூத்தோர் பலருக்கும் மனத்தில் ஒரு கேள்வி உண்டு: “போன வருஷம்தானே போட்டேன், மறுபடியும் எதுக்கு?” நியாயமான கேள்விதான். தட்டம்மைக்கு இரண்டு ஊசி போட்டால் பெரும்பாலும் ஆயுளுக்கும் போதும். சளிக்காய்ச்சலுக்கு ஏன் போதவில்லை?

சளிக்காய்ச்சல் கிருமி நம் செல்களைப் பற்றுவது ஹீமக்ளூட்டினின் என்ற புரதத்தால். நம் எதிர்ப்பொருள்கள் குறிவைப்பதும் அதன் தலைப்பகுதியைத்தான். இந்தக் கிருமியின் மரபுப்பொருளான ஆர்.என்.ஏ. நகலாகும்போது நேரும் பிழைகளைத் திருத்த வழியில்லை. பெரும்பாலான பிழைகள் கிருமிக்கே கேடு. அபூர்வமாக ஒன்று, எதிர்ப்பொருள் ஒட்டும் இடத்தை மட்டும் மாற்றிவிட்டு, செல்லைப் பற்றும் திறனைக் கெடுக்காமல் விடும். ஊரில் பலருக்கும் எதிர்ப்பாற்றல் இருக்கையில் பெருகுவது அந்த ஒன்றே. எச்3என்2 என்ற சளிக்காய்ச்சல் வகையில் 1968 முதல் 2003 வரை நிகழ்ந்த பெரிய மாற்றங்களுக்கு அந்தப் புரதத்தின் ஏழே இடங்கள் முக்கியக் காரணம் என்று 2013இல் ஓர் ஆய்வு காட்டியது. கிருமி எதையும் திட்டமிடுவதில்லை. நம் எதிர்ப்பாற்றலே அதைச் சலித்தெடுக்கிறது.

இதைவிட அச்சமூட்டுவது இன்னொரு வழி. கிருமியின் மரபுப்பொருள் எட்டுத் துண்டுகளாக இருப்பதால், ஒரே செல்லுக்குள் நுழையும் இரு வகைகள் துண்டுகளை மாற்றிக்கொள்ள முடியும். 1957இல் மனிதக் கிருமி ஒன்று பறவைக் கிருமியின் மூன்று துண்டுகளோடு எச்2என்2 ஆகப் புறப்பட்டது. அவ்வாண்டு மே மாதம் சிங்கப்பூரிலிருந்து உலகச் சுகாதார நிறுவனத்துக்குத் தகவல் போனது. அதே மாதம், நம் தாத்தா பாட்டிகள் பயணம் செய்த ரஜூலா கப்பலில் காய்ச்சல் சென்னைத் துறைமுகத்தில் இறங்கியது. 1958 பிப்ரவரிக்குள் இந்தியாவில் பதிவானவர்கள் சுமார் 44.5 லட்சம் பேர்; இறந்தவர்கள் 1,098. சிங்கப்பூரில் பிரித்தெடுத்த கிருமிக்கு ‘ஏ/சிங்கப்பூர்/1/57’ என்று பெயர். 1968இல் எச்3என்2 வந்ததும் எச்2என்2 மறைந்தது. அதற்குப் பின் பிறந்தவர்களின் உடல் அதைக் கண்டதே இல்லை.

கிருமி இப்படி மாறிக்கொண்டே இருப்பதால், உலகச் சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இருமுறை கூடித் தடுப்பூசிக்குரிய கிருமிகளைத் தேர்ந்தெடுக்கிறது. தென்கோளத்தின் 2018 ஊசிக்கு அது பரிந்துரைத்த எச்3என்2, 2016இல் சிங்கப்பூரில் கிடைத்தது.

இங்கே சளிக்காய்ச்சல் டிசம்பர்–பிப்ரவரியிலும் மே–ஜூலையிலும் கூடும். ஊசி வேலைசெய்ய ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும். விடுமுறைக்கு ஊருக்குக் கிளம்பும் முன்பே, 65 வயதைக் கடந்த அப்பா அம்மாவுக்கு இந்த ஆண்டின் ஊசியைப் போட்டுவிடுங்கள்.