கடலடியில் ஒரு கணக்கு

நுழையும்முன்

வயலில் விளைந்த கதிரைக் கண்ணால் கண்டு மதிப்பிடலாம். தோப்பில் நிற்கும் மரங்களை நடந்து சென்று எண்ணலாம். ஐம்பது மீட்டர், நூறு மீட்டர் ஆழத்தில், இருள் சூழ்ந்த கடலடியில் கிடக்கும் உயிர்களை எண்ணுவது எங்ஙனம்? எண்ணாமல் பிடித்தால் வளம் அழியும். குறைவாக எண்ணிவிட்டால் உழைப்பவர் வீட்டில் உலை கொதிக்காது. அந்த எண்ணிக்கையை அறிவியலாளரும் மீனவரும் ஒரே படகில் சென்று தேடிய வரலாற்றை இப்பாடம் கூறுகிறது.

விசிறிச் சிப்பி

வட அமெரிக்காவின் கிழக்குக் கரையோரக் கடலில், கனடாவின் நியூபவுண்ட்லாந்து முதல் அமெரிக்காவின் வட கரோலினா வரை பரவி வாழ்வது ஸ்காலப் என்னும் சிப்பியினம். விரித்த விசிறி போன்ற வடிவுடைய இரு ஓடுகளைக் கொண்டிருப்பதால் இதனை நாம் விசிறிச் சிப்பி எனலாம். பிற சிப்பிகளைப் போல இது பாறையில் ஒட்டிக்கொண்டே வாழ்நாளைக் கழிப்பதில்லை. இரு ஓடுகளையும் விரைந்து மூடி நீரைப் பீய்ச்சி, அந்த விசையால் நீந்தவும் வல்லது. ஓடுகளின் விளிம்பில் வரிசையாக அமைந்த சிறு கண்கள் பகையின் நிழலை உணர்ந்துகொள்கின்றன.

ஓடுகளை மூடப் பயன்படும் வெண்ணிறத் தசையே உணவாகச் சந்தைக்கு வருகிறது. மூன்று வயதுக்கும் ஐந்து வயதுக்கும் இடையில் இத்தசையின் எடை நான்கு மடங்காகப் பெருகுகிறது. மூன்று வயதில் பிடித்தால் கிடைப்பது ஒரு பங்கு. இரண்டு ஆண்டு பொறுத்தால் கிடைப்பது நான்கு பங்கு. ஆகவே, எத்தனை சிப்பிகள் உள்ளன என்பதோடு அவை எங்கே உள்ளன, எவ்வளவு வளர்ந்துள்ளன என்பதையும் அறிந்தால்தான் பிடிக்கும் காலத்தை முறையாக வகுக்க முடியும்.

மூடப்பட்ட கடல்

மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கிழக்கே ஜார்ஜஸ் பேங்க் என்னும் பரந்த கடலடி மேடு உள்ளது. பல நூற்றாண்டுகளாக மீன்வளத்துக்குப் பெயர்பெற்ற அப்பகுதியில் காட், ஹாடக் முதலிய மீன்கள் 1990-களில் பெரிதும் குறைந்துபோயின. அவற்றைக் காக்க 1994 டிசம்பரில் மூன்று பெரும்பகுதிகள் மூடப்பட்டன. அவற்றின் மொத்தப் பரப்பு ஏறத்தாழ 17,000 சதுர கிலோமீட்டர்.

விசிறிச் சிப்பி பிடிப்போர் இரும்புச் சட்டமும் வளையங்களால் கோக்கப்பட்ட பையும் கொண்ட வாரியைக் கடலடியில் இழுத்துச் செல்வர். அவ்வாரியில் தட்டைமீன்களும் பிற மீன்களும் சிக்குவதால், சிப்பிப் படகுகளும் மூடிய பகுதிகளுக்குள் நுழையக்கூடாது என விலக்கப்பட்டன. கடலில் இருக்கத்தக்க நாள்களுக்கும் படகில் பணிபுரிவோர் எண்ணிக்கைக்கும் வரம்பு விதிக்கப்பட்டது. ஒரு காலத்தில் திமிங்கில வேட்டைக்குப் புகழ்பெற்றிருந்து, பின்னர்ச் சிப்பித் தொழிலை நம்பி வாழ்ந்த நியூ பெட்போர்டு துறைமுகம் கவலையில் ஆழ்ந்தது.

மூடிய நீருக்குள் நிகழ்ந்தது வேறு. எவரும் வாரி இழுக்காத அந்தத் தரையில் சிப்பிகள் அமைதியாக வளர்ந்தன. 1998 ஜூலையில், அருகிலிருந்த திறந்த பகுதிகளோடு ஒப்பிட, மூடிய பகுதிகளில் சிப்பிகளின் மொத்த நிறை 9 மடங்கு செறிந்திருந்தது. பிடிக்கத்தக்க அளவுக்கு வளர்ந்தவற்றின் நிறை 14 மடங்கு செறிந்திருந்தது. மீன்களுக்காக இட்ட பூட்டு சிப்பிகளைக் காத்துவிட்டது!

இப்போது ஒரு வினா எழுந்தது. இவ்வளத்தில் எவ்வளவை எடுக்கலாம்? "நிறைய இருக்கிறது" என்னும் மீனவரின் பட்டறிவு மட்டும் இதற்குப் போதாது. எண்ணிக்கை வேண்டும்; அதனை இரு தரப்பும் நம்பவும் வேண்டும்.

வாரியால் அளத்தல்

வுட்ஸ் ஹோல் என்னும் ஊரைச் சார்ந்த அரசு மீன்வள ஆய்வு மையம் 1970-களிலிருந்து சிப்பிகளைக் கணக்கெடுத்து வருகிறது. 8 அடி அகலமுள்ள ஆய்வு வாரியைக் குறித்த வேகத்தில் 15 நிமிடம் இழுத்து, அகப்பட்டவற்றை எண்ணி அளப்பது அதன் முறை. சிறு சிப்பிகளும் நழுவாதிருக்க வாரியின் பைக்குள் நெருங்கிய வலை பொருத்தப்பட்டிருக்கும். ஆண்டுதோறும் ஒரே முறையில் அளப்பதால், வளம் ஏறுகிறதா இறங்குகிறதா என்பதை இம்முறை தெளிவாகக் காட்டும்.

எனினும் இதில் ஒரு குறை உண்டு. வாரி தன் வழியில் கிடக்கும் எல்லாச் சிப்பிகளையும் அள்ளுவதில்லை. மணற்பாங்கான தரையிலேயே பாதிக்கும் குறைவானவைதாம் அகப்படும். கல் நிறைந்த தரையில் இன்னும் குறையும். அள்ளப்பட்டது எத்தனை பங்கு என்று தெரியாமல், கிடப்பது எவ்வளவு என்று கூற இயலாது. அப்பங்கினைச் சிறிது மாற்றிக் கணக்கிட்டாலும் விடை பெரிதும் மாறிவிடும். மீனவருக்கும் ஆய்வாளருக்கும் இடையே எழுந்த ஐயங்களுக்கு இதுவும் ஒரு காரணமாயிற்று.

ஒளிப்படத்தால் எண்ணுதல்

மாசசூசெட்ஸ் டார்ட்மத் பல்கலைக்கழகத்தின் கடல் அறிவியல் பள்ளியைச் சேர்ந்த கெவின் ஸ்டோக்ஸ்பரியும் அவர்தம் குழுவினரும் 1999-இல் வேறொரு வழியை மேற்கொண்டனர். பிரமிடு வடிவ எஃகுச் சட்டம் ஒன்றில் காணொளிக் கருவிகளையும் விளக்குகளையும் பொருத்தி, சிப்பி பிடிக்கும் படகிலிருந்தே கடலடிக்கு இறக்கினர். தரையைத் தொட்டதும் ஏறத்தாழ மூன்று சதுர மீட்டர் பரப்பு திரையில் தெரியும். அதிலுள்ள சிப்பிகளை எண்ணிய பின் சட்டத்தைச் சற்றே தூக்கி, படகு சிறிது நகர்ந்ததும் மீண்டும் இறக்குவர். ஒரு நிலையத்தில் இவ்வாறு நான்கு முறை.

இம்முறையில் எதுவும் அள்ளப்படுவதில்லை; எனவே எத்தனை பங்கு அகப்பட்டது என்னும் வினாவும் எழுவதில்லை. கண்ட பரப்பும் கண்ட எண்ணிக்கையும் நேரடியாகக் கிடைக்கின்றன. சிப்பிகளோடு நட்சத்திர மீன், நண்டு, கடற்பஞ்சு ஆகியவையும் தரையின் தன்மையும் பதிவாகின்றன. எல்லாவற்றினும் மேலாக, படம் நிலைத்து நிற்கிறது. ஐயுறுவோர் எவரும் மறுநாளும் மறு ஆண்டும் அதனைப் பார்த்துத் தாமே எண்ணிச் சரிபார்க்கலாம்.

பரந்த கடற்பகுதிகளை அளக்கும்போது நிலையங்கள் 5.6 கிலோமீட்டர் இடைவெளியில் கட்டம் கட்டமாக அமைக்கப்படுகின்றன. ஒரு நிலையம் ஏறத்தாழ 31 சதுர கிலோமீட்டர் பரப்புக்குச் சான்றாக நிற்கிறது. அங்கே நாம் காண்பதோ நான்கு முறையும் சேர்த்து ஏறத்தாழ 12 சதுர மீட்டர். அதாவது 25 இலட்சத்துக்கு மேற்பட்ட பங்குகளில் ஒரு பங்கு!

இவ்வளவு சிறு பங்கைக் கொண்டு முழுமையைக் கூறலாமா? ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் வழக்கு. ஆயினும் பானை முழுதும் ஒரே சீராக வெந்திருந்தால்தான் அவ்வழக்குப் பொருந்தும். சிப்பிகள் சீராகப் பரவிக் கிடப்பதில்லை. ஓரிடத்தில் திரளாகவும் மற்றோரிடத்தில் அறவே இன்றியும் கிடக்கும். எனவே ஒரே ஒரு சோறு போதாது. பானையின் பல இடங்களிலிருந்தும் எடுக்க வேண்டும். நூற்றுக்கணக்கான நிலையங்கள் தேவைப்படுவது இதனால்தான். மேலும், கிடைத்த விடையோடு அதில் நேரக்கூடிய பிழையின் அளவையும் கணித்துச் சொல்வது அறிவியலாளரின் கடமையாகும்.

தெரிந்து தெளிவோம்

கடலடிக்குச் சற்று மேலே கருவியை இழுத்துச் சென்று நொடிக்கு ஐந்தாறு படங்கள் எடுக்கும் முறையும் பின்னர் வளர்ந்தது. ஹேப்கேம் என்னும் அக்கருவியின் உருவாக்கத்தில் வுட்ஸ் ஹோல் அறிவியலாளரோடு சிப்பி மீனவரும் பங்கேற்றனர்.

ஒரே படகில் இருவர்

இம்முயற்சியின் உயிர்நாடி கருவியன்று, கூட்டுறவே. தொடக்க ஆண்டுகளில் மீனவர்கள் தம் படகையும் எரிபொருளையும் உணவையும் உழைப்பையும் கொடையாக அளித்தனர். மீன்பிடித்துப் பொருளீட்ட வேண்டிய படகு, ஒரு சிப்பியும் பிடிக்காமல் பல நாள் கடலில் இருப்பது எளிய செயலன்று. கடல் கொந்தளிக்கும்போது கருவியை இறக்கவும் ஏற்றவும் மாலுமியின் கைத்திறமே துணைநின்றது. திரையில் தெரிந்ததை மாலுமியும் ஆய்வு மாணவரும் தோளோடு தோள் நின்று கண்டனர். தாம் கண்ணால் கண்ட கணக்கை ஒருவர் எளிதில் புறந்தள்ளிவிட முடியாதன்றோ?

இங்கே நேர்மையான ஓர் ஐயம் எழலாம். பிடிப்பதால் பயன்பெறுவோரே ஆய்வுக்கும் துணைபுரிந்தால், முடிவு அவர்களுக்குச் சாதகமாகச் சாயாதா? சாயாதிருக்கச் சில காப்புகள் உள்ளன. நிலையங்கள் முன்னரே கட்டமாகக் குறிக்கப்படுவதால், சிப்பி மிகுந்த இடங்களை மட்டும் தேடிச் செல்ல வழியில்லை. எண்ணுவோர் பல்கலைக்கழகத்தார், படங்கள் மறு ஆய்வுக்கு உரியவை. அரசு மையத்தின் வாரி ஆய்வு, வர்ஜீனியா கடல் அறிவியல் நிறுவனம் வணிகப் படகுகளில் நடத்தும் வாரி ஆய்வு, படவழி ஆய்வுகள் ஆகியவை ஒன்றோடொன்று ஒப்பிடப்படுகின்றன. படம் எண்ணிக்கையைத் தரும். ஆனால் தசையின் எடையைத் தராது. வாரியில் வந்த சிப்பியைத் திறந்து நிறுத்தால்தான் எடை தெரியும். ஒன்றின் குறையை மற்றொன்று நிறைவு செய்கிறது.

செலவுக்கும் ஒரு வழி காணப்பட்டது. ஆண்டுதோறும் பிடிக்க இசைவளிக்கப்படும் அளவிலிருந்து ஏறத்தாழ 12.5 இலட்சம் பவுண்டு சிப்பித் தசை ஆய்வுக்கென ஒதுக்கப்படுகிறது. போட்டியில் தேர்ந்தெடுக்கப்படும் ஆய்வுக் குழுக்களுக்கு அதில் பங்கு கிடைக்கும். மீனவர் அதனைப் பிடித்து விற்று, ஒரு பகுதியை ஆய்வுக்கு அளிப்பர். மறுபகுதி படகின் செலவுக்கு. கடலை அறியும் செலவைக் கடலே தருகிறது எனலாம்.

கணக்கின் பயன்

1999-இல் மூடிய பகுதிகளுள் ஒன்றின் ஒரு பாகம், வரம்புகளோடு சிப்பிப் படகுகளுக்குத் திறந்துவிடப்பட்டது. 2004 முதல், வயலைத் தரிசாக விட்டுப் பயிரிடுவது போன்ற சுழற்சி முறை நடைமுறைக்கு வந்தது. இளஞ்சிப்பிகள் திரண்டிருக்கும் இடத்தைக் கண்டறிந்து மூடுவர். அவை வளர்ந்தபின் திறப்பர். டெலவேர் மாநிலத்தை அடுத்த கடலில் 'யானைத் துதிக்கை' என்னும் பகுதியில் 2003-ஆம் ஆண்டு ஆய்வுகள் இளஞ்சிப்பிகளின் பெருந்திரளைக் கண்டன. 2004-இல் அப்பகுதி மூடப்பட்டு, 2007-இல் திறக்கப்பட்டது. வாரியின் வளையங்களும் 4 அங்குல அளவுக்குப் பெரிதாக்கப்பட்டன. சிறியவை நழுவித் தப்பின.

1998-இல் ஏறத்தாழ 5,500 டன்னாக இருந்த சிப்பித் தசையின் அளவு 2004-இல் ஏறத்தாழ 29,000 டன்னாக உயர்ந்தது. கவலையில் ஆழ்ந்திருந்த நியூ பெட்போர்டு, பிடிப்பின் பண மதிப்பில் அமெரிக்காவின் முதல் துறைமுகமாயிற்று.

எனினும் கணக்கெடுப்பு சிப்பியைப் படைப்பதில்லை. முட்டையிலிருந்து வெளிவரும் இளவுயிரிகள் பல வாரம் நீரோட்டத்தில் மிதந்த பின்னரே தரையில் அமர்கின்றன. எந்த ஆண்டில் எத்தனை பிழைக்கும் என்பது மனிதர் கையில் இல்லை. 2019-க்குப் பின் பிடிப்பு மீண்டும் குறைந்துள்ளது. இத்தகைய காலத்தில்தான் எண்ணிக்கையின் அருமை விளங்கும். மிகுதி வரும்போது "எடுக்கலாம்" என்று சொன்ன கணக்கு, குறையும்போது "பொறுத்திருங்கள்" என்று சொன்னால் அதனை ஏற்கும் மனம் வேண்டும். அந்த மனம் ஆணையால் வருவதன்று. தாமும் உடனிருந்து எண்ணினோம் என்னும் நம்பிக்கையால் வருவது.

இயற்கை வளத்தைக் காப்பது அறிஞரின் வேலை, பயன்படுத்துவது உழைப்பாளியின் வேலை என்று பிரித்து வைத்தால் இரண்டும் கெடும். காப்பவரும் பயன்படுத்துபவரும் ஒரே திரையைப் பார்த்து ஒரே சிப்பியை எண்ணத் தொடங்கிய நாளில் இருவருக்கும் வழி பிறந்தது. கடலடியில் போட்ட கணக்கு நமக்குக் கற்பிக்கும் பாடம் இதுவே.

நம்மை அளவிடுவோம்

குறுவினா

1. சிப்பிப் படகுகள் மூடிய பகுதிகளிலிருந்து விலக்கப்பட்டமைக்குக் காரணம் யாது?

2. படவழிக் கணக்கெடுப்பில் நிலையங்களை முன்னரே குறிப்பதன் பயன் என்ன?

சிறுவினா

1. 'ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்னும் பழமொழி சிப்பிக் கணக்கெடுப்புக்கு எந்த அளவில் பொருந்துகிறது? விளக்குக.

2. வாரி ஆய்வு, படவழி ஆய்வு ஆகியவற்றின் நிறைகுறைகளை ஒப்பிடுக.

நெடுவினா

'வளத்தைக் காப்பவரும் பயன்படுத்துபவரும் இணைந்து எண்ணும்போதே எண்ணிக்கை நம்பிக்கையாகிறது' – இக்கூற்றைப் பாடப்பகுதியின் துணைகொண்டு நிறுவுக.