தரவுத்தள மாற்றமும் தமிழ்ப் பனுவலும்: இயக்கிப் பிழைகளைக் களையும் முறை

ஆய்வுச் சுருக்கம்

அகராதி, சொல்லடைவு, சுவடிப் பட்டியல் முதலியவற்றைத் தாங்கும் இணையச் செயலியை ஒரு தரவுத்தளத்திலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும்போது தோன்றும் இயக்கிப் பிழைகளை இக்கட்டுரை விளக்குகிறது. செயலியை நிறுத்திவிடும் பிழைகளைக் காட்டிலும், அவற்றைத் திருத்தும் முயற்சியில் ஓசையின்றி நிகழும் எழுத்திழப்பே பனுவலுக்குப் பெருங்கேடு விளைப்பது. அவ்விழப்பு புள்ளியையும் உகரக் குறியையும் ஏ, ஐ என்னும் உயிரெழுத்துகளையும் தனித்துத் தாக்குவதற்குரிய காரணம் பைட்டு நிலையில் நிறுவப்படுகிறது.

திறவுச்சொற்கள்: தரவுத்தளம், இயக்கி, ஒருங்குறி, குறியாக்கம், மைஎஸ்கியூஎல், போஸ்ட்கிரெஸ்கியூஎல், புள்ளி

முன்னுரை

பி.எச்.பி. மொழியும் மைஎஸ்கியூஎல் தரவுத்தளமும் இணைந்த கூட்டு, 2000ஆம் ஆண்டையொட்டிய காலந்தொட்டு இணையத்தில் பெருவழக்காயிற்று. மீடியாவிக்கி, வேர்டுபிரஸ் ஆகியனவும் இக்கூட்டின்மீதே எழுந்தவை. அக்காலத்தே உருவான தளங்கள் இன்று அவ்வாறே இயங்க இயலாது. மைஎஸ்கியூஎல்லுடன் பேசுவதற்கென இருந்த பழைய நீட்சி, பி.எச்.பி. 5.5 பதிப்பில் (2013) வழக்கொழியத்தக்கதாக அறிவிக்கப்பட்டு, 7.0 பதிப்பில் (2015) முற்றாக நீக்கப்பட்டது. ஆகவே மொழியைப் புதுப்பிப்போர் இயக்கியையும் மாற்றியாக வேண்டும். மாற்றுவதே ஆயின் தரவுத்தளத்தையும் போஸ்ட்கிரெஸ்கியூஎல்லுக்குக் கொண்டு செல்லலாமே என்னும் எண்ணம் அவ்வேளையில் எழுவது இயல்பு. இவ்விரு மாற்றங்களையும் ஒருசேரச் செய்யும்போதுதான் எப்பிழை எதனால் விளைந்தது என்பது மயங்கிவிடுகிறது.

இயக்கியின் பணி

டிரைவர் என வழங்கும் இயக்கி, செயலிக்கும் தரவுத்தளத்துக்கும் இடைநின்று பேசும் மென்பொருள். தரவுத்தளத்துக்கு ஒன்றாக இருந்த இம்மொழிபெயர்ப்பாளரைப் பொதுமுறைக்குள் கொணரும் முயற்சிகள் பல. 1992இல் ஓடிபிசி, 1997இல் ஜாவாவின் ஜேடிபிசி, 1999இல் பைத்தான் தரவுத்தள இடைமுகத்தின் இரண்டாம் பதிப்பு, 2005இல் பி.எச்.பி. 5.1 பதிப்புடன் வந்த பிடிஓ ஆகியன அவற்றுட் குறிக்கத்தக்கவை. இவை அழைக்கும் முறையைப் பொதுவாக்கினவேயன்றி, வினவலின் மொழிநடையைப் பொதுவாக்கவில்லை. இயக்கியின் பெயரை மட்டும் மாற்றினால் செயலி ஓடும் என்ற நம்பிக்கை இவ்வேறுபாட்டை அறியாமையால் வருவது.

இயக்கி மூன்று செயல்களைச் செய்கிறது. தரவுத்தளத்தின் வாயிலில் கடவுச்சொல்லைக் காட்டி உள்நுழைகிறது; வினவலை எடுத்துச் சென்று விடையைக் கொணர்கிறது; இரு திசையிலும் செல்லும் எழுத்துகள் எக்குறியாக்கத்தில் அமைந்தவை என்று அறிவிக்கிறது. மூன்றாவதனை ஆங்கிலத் தளம் நடத்துவோர் ஆண்டுக்கணக்கில் மறந்திருந்தாலும் தீங்கில்லை. ஆங்கில எழுத்துகளுக்கு எல்லாக் குறியாக்கங்களிலும் பெரும்பாலும் ஒரே எண்ணே உண்டு. தமிழுக்கு அச்சலுகை இல்லை.

உரத்துச் சொல்லும் பிழைகள்

மாற்றத்தின் முதல் நாளில் காணப்படுவது பெரும்பாலும் 'இயக்கி காணப்படவில்லை' என்னும் பொருளுடைய செய்தியே. பிடிஓ நிறுவப்பட்டிருந்தும் போஸ்ட்கிரெஸ்கியூஎல்லுக்குரிய அதன் உட்பிரிவு நிறுவப்படவில்லை என்பதே இதன் பொருள். கட்டளை வரியில் இயங்கும் நிரல் இணையத்தின் வழியே இயங்காமையும் உண்டு. டெபியன், உபுண்டு ஆகிய இயங்குதளங்களில் கட்டளை வரிக்கும் இணைய வழங்கிக்கும் அமைவுக் கோப்புகள் வெவ்வேறாதலின், ஒன்றில் சேர்த்த நீட்சி மற்றொன்றில் இராது.

இணைப்புத் தொடரிலும் தடுமாற்றம் நேரும். மைஎஸ்கியூஎல்லுக்கு எழுதிய தொடரில் குறியாக்கப் பெயர் ஓர் உறுப்பாக இடம்பெறும். அதனை அப்படியே போஸ்ட்கிரெஸ்கியூஎல் இயக்கிக்குக் கொடுத்தால், அறியாத இணைப்பு விருப்பம் என்று அது மறுத்துவிடும். அவ்வுறுப்பை நீக்கினால் பிழை மறையும்; ஆயின் நீக்கப்பட்டது குறியாக்க அறிவிப்பு என்பதை நினைவிற்கொண்டு, போஸ்ட்கிரெஸ்கியூஎல்லுக்குரிய முறையில் அதனை மீண்டும் அறிவித்தல் வேண்டும். பிழைச்செய்தி மறைந்ததே திருத்தம் எனக் கொள்ளும் மனநிலைக்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

கடவுச்சொல்லைச் சரிபார்க்கும் முறை மாறியமையாலும் இணைப்பு அறுபடும். மைஎஸ்கியூஎல் 8.0 (2018), போஸ்ட்கிரெஸ்கியூஎல் 14 (2021) ஆகிய பதிப்புகள் வலிமை மிக்க சரிபார்ப்பு முறைகளை இயல்பாகக் கொண்டன. பழைய இயக்கிகள் அவற்றை அறியா. இயக்கியைப் புதுப்பித்தலே இதற்குரிய வழி. தரவுத்தளத்தின் காவலைத் தளர்த்திப் பழைய இயக்கிக்கு இடங்கொடுத்தல் தகாது.

வினவல் நடையின் வேறுபாடுகளுள் தமிழ்ச் சொல்லடைவுக்கு மிக நெருங்கியது நீளம் கணிக்கும் செயற்கூறு. 'லெங்த்' என்னும் ஒரே பெயருடைய இது மைஎஸ்கியூஎல்லில் பைட்டுகளை எண்ணும். போஸ்ட்கிரெஸ்கியூஎல்லில் ஒருங்குறிக் குறியெண்களை எண்ணும். தமிழ் என்னும் சொல்லுக்கு முன்னது 15 என்றும் பின்னது 5 என்றும் விடை தரும். தமிழிலக்கணப்படி அச்சொல் மூன்றெழுத்து என்பதை இரண்டும் அறியா. பழைய நிரலில் நீளத்தை மூன்றால் வகுக்கும் வரி இருந்தால், புதிய தளத்தில் அது பிழைச்செய்தி ஏதுமின்றித் தவறான எண்ணைத் தந்துகொண்டிருக்கும்.

பதிவெண் தொடரும் இத்தகையதே. பழைய பதிவுகளை அவற்றின் எண்களோடு போஸ்ட்கிரெஸ்கியூஎல்லில் இட்டாலும், அடுத்த எண்ணைத் தரும் வரிசையி தானாக முன்னேறாது. முதற் புதிய பதிவைச் சேர்க்கும்போதே இரட்டை எண் எனத் தரவுத்தளம் தடுக்கும். வரிசையியை இருக்கும் எண்களுள் மிகப் பெரியதற்கு நகர்த்தினால் போதும்.

ஓசையற்ற பிழை

மேற்கூறியவை எல்லாம் தம்மைத் தாமே அறிவித்துக்கொள்வன. அறிவியாத பிழையை அறிய, பழைய தளத்தின் உள்ளமைப்பை நோக்குதல் வேண்டும்.

மைஎஸ்கியூஎல்லின் இயல்புக் குறியாக்கம் 8.0 பதிப்புக்கு முன்வரை 'லத்தீன்1' என்பதே. குறியாக்கம் அறிவியாத பழைய தளத்தில் அட்டவணையும் இணைப்பும் லத்தீன்1 ஆகவே அமைந்தன. செயலியோ யூடிஎஃப்-8 பைட்டுகளை அனுப்பியது. த என்னும் எழுத்து 224, 174, 164 என மூன்று பைட்டுகளாகச் சென்றது. தரவுத்தளம் அவற்றை மூன்று ஐரோப்பிய எழுத்துகளாகக் கருதிச் சேமித்தது. கேட்டபோது அதே மூன்றையும் திருப்பித் தந்தது. உலாவி அதனைத் த எனக் காட்டியது. இரு தவறுகள் ஒன்றையொன்று ஈடுசெய்தமையால் தளம் பல்லாண்டு குறையின்றி இயங்கியது.

புதிய இயக்கி யூடிஎஃப்-8 என்று உண்மையைச் சொல்லியதும் அந்த ஈடு குலைகிறது. தரவுத்தளம் ஒவ்வொரு பைட்டையும் தனியெழுத்தாகக் கருதி மாற்றித் தருவதால், திரையில் தமிழுக்கு மாறாகத் தலைக்குறியிட்ட இலத்தீன் எழுத்துகள் நிரம்புகின்றன. இந்நிலையில் புதிய இயக்கியையே பலரும் ஐயுறுவர். உண்மையில் அவ்விடத்தில் பொய்யுரையாதது இயக்கி ஒன்றே.

அவசரத் திருத்தங்கள் இரண்டு. ஒன்று, இணைப்பை மீண்டும் லத்தீன்1 என அறிவித்தல். இது மைஎஸ்கியூஎல்லில் இருக்கும்வரை நோயை மறைக்கும். மற்றொன்று, அட்டவணையை நேரே யூடிஎஃப்-8 வகைக்கு மாற்றுதல். இதனால் ஐரோப்பிய எழுத்துகளாகத் தோன்றியவை மெய்யாகவே ஐரோப்பிய எழுத்துகளாகிவிடும். தமிழ் இருமுறை குறியாக்கம் பெற்றுவிடும். அப்பனுவலைப் போஸ்ட்கிரெஸ்கியூஎல்லுக்கு அனுப்பினால் அது மறுக்காது. முறையற்ற பைட்டுத் தொடரைக் கண்டால் தடுக்கும் கண்டிப்பு அதற்கு உண்டாயினும், இருமுறை குறியாக்கம் பெற்றது இலக்கணப் பிழையற்ற யூடிஎஃப்-8 ஆதலின் காவலைக் கடந்து சென்றுவிடும்.

நோயின் படிநிலையை அறிய எளிய அளவுகோல் ஒன்றுண்டு. தமிழ் என்னும் சொல்லைத் தனியே கொண்ட ஒரு பதிவை எடுத்து, மைஎஸ்கியூஎல்லில் அதன் பைட்டு எண்ணிக்கையையும் எழுத்து எண்ணிக்கையையும் கேட்டல் வேண்டும். 15 பைட்டு, 5 எழுத்து எனின் பனுவல் நலமாக உள்ளது. 15 பைட்டு, 15 எழுத்து எனின் யூடிஎஃப்-8 பைட்டுகள் லத்தீன்1 புலத்தில் உறைகின்றன. 30 பைட்டு, 15 எழுத்து எனின் இருமுறை குறியாக்கம் நேர்ந்துவிட்டது. திரையில் தோன்றுவதை நம்பி முடிவுசெய்தல் கூடாது. திரை இணைப்பின் அறிவிப்பைப் பொறுத்து மாறுவது.

இரண்டாம் நிலைக்கு மருந்து, புலத்தை முதலில் பைனரி வகைக்கும் பின்னர் யூடிஎஃப்-8 எழுத்து வகைக்கும் மாற்றுதல். இடையில் பைனரியாக நிற்பதால் தரவுத்தளம் பைட்டுகளைத் தொடாது. மூன்றாம் நிலையில், பனுவலை முதலில் லத்தீன்1 ஆகப் பின்னோக்கி மாற்றிப் பைனரியாக்கி, அதன்பின் யூடிஎஃப்-8 எனக் கொள்ளல் வேண்டும். இதனை எங்கே செய்வது என்பதே பனுவலின் தலையெழுத்தைத் தீர்மானிக்கிறது.

புள்ளி மறையும் இடம்

மைஎஸ்கியூஎல் லத்தீன்1 என அழைப்பது உண்மையில் மைக்ரோசாஃப்டின் விண்டோஸ்-1252 குறியாக்கத்தை ஒட்டியது. விண்டோஸ்-1252இல் 129, 141, 143, 144, 157 என்னும் ஐந்து இடங்கள் எழுத்தின்றி வெறுமையாக உள்ளன. மைஎஸ்கியூஎல் அவ்வைந்தையும் அதே எண்ணுடைய கட்டுப்பாட்டுக் குறிகளால் நிரப்பிக்கொள்வதால், அங்கே போக்கும் வரவும் இழப்பின்றி நிகழும். வெளியே உள்ள கருவிகளில் வெற்றிடம் வெற்றிடமாகவே இருக்கும்.

இனித் தமிழ் எழுத்துகளின் பைட்டுகளை நோக்குக. புள்ளி 224, 175, 141. உகரக் குறி 224, 175, 129. ஏ 224, 174, 143. ஐ 224, 174, 144. நான்கின் இறுதிப் பைட்டும் அவ்வெற்றிடங்களில் விழுகின்றன. பைத்தானின் விண்டோஸ்-1252 குறியாக்கியைக் கொண்டு மீட்க முயன்றால் நிரல் இவ்விடங்களில் நின்றுவிடும். நிரலை ஓடச்செய்ய, மாற்ற இயலாதவற்றைப் புறக்கணிக்குமாறு கட்டளையிடுவது வழக்கம். அக்கட்டளையின்பின் பிழைச்செய்தி ஒன்றும் வாராது. புள்ளியும் உகரக் குறியும் சொல்முதல் ஏ, ஐகளும் பனுவலெங்கும் மறைந்திருக்கும். தமிழ் 'தமிழ' ஆகும். குடி 'கடி' ஆகும். ஐந்து 'நத' ஆகும். ஏடு என்பதில் 'ட' மட்டும் எஞ்சும்.

விண்டோஸ்-1252ஐ விடுத்து ஐஎஸ்ஓ 8859-1 என்னும் மெய்யான லத்தீன்-1ஐப் பயன்படுத்தலாமே எனின், அதுவும் பயன்படாது. ககரத்தின் இறுதிப் பைட்டு 149. விண்டோஸ்-1252இல் அது ஒரு கரும்பொட்டாகிறது. அப்பொட்டுக்கு ஐஎஸ்ஓ 8859-1இல் இடமில்லை. ககரத்துக்கு ஒன்று வேண்டும், புள்ளிக்கு மற்றொன்று வேண்டும். க் என்னும் ஒற்றை மெய்யெழுத்தைக்கூட இவ்விரண்டில் எதுவும் தனித்து மீட்க வல்லதன்று. ஆதலின் இம்மீட்பை மைஎஸ்கியூஎல்லுக்குள்ளேயே செய்து முடித்துவிட்டுப் பின்னரே பனுவலை வெளியேற்றுதல் வேண்டும். பழைய வழங்கியை நிறுத்துமுன் செய்ய வேண்டிய பணி இது.

'கடி' என்பதும் தமிழ்ச்சொல்லே என்பதால், இவ்விழப்பை எழுத்துப்பிழை திருத்தி முழுமையாகக் கண்டுபிடிக்காது. தொகையளவிலான ஆய்வில் குடி என்பதன் வருகை குறைந்தும் கடி என்பதன் வருகை மிகுந்தும் தோன்றும். அவ்வெண்களைக் கொண்டு சொல்வழக்கு பற்றிய முடிவும் எழுதப்பட்டுவிடக்கூடும்.

நான்கு பைட்டு எழுத்துகள்

மைஎஸ்கியூஎல்லில் 'யூடிஎஃப்8' என்னும் பெயர் நெடுங்காலம் எழுத்துக்கு மூன்று பைட்டு வரை மட்டுமே ஏற்கும் குறைவடிவத்தைக் குறித்தது. நான்கு பைட்டுகளையும் ஏற்கும் 'யூடிஎஃப்8எம்பி4' 5.5.3 பதிப்பில் (2010) வந்தது. நாள்வழக்குத் தமிழெழுத்துகளும், பத்து (௰), நூறு (௱), ஆயிரம் (௲) ஆகியவற்றின் குறிகளும் மூன்று பைட்டுகளே. எனவே இவ்வேறுபாடு தமிழுக்குப் பொருட்டன்று எனப் பலர் கருதினர். 2019இல் வெளிவந்த ஒருங்குறி 12.0 பதிப்பு, முந்திரி (1/320) முதலான பின்னங்களையும் அளவைக் குறிகளையும் உள்ளிட்ட 51 குறிகளைத் தமிழ்த் துணைத்தொகுதியாகச் சேர்த்தபோது அவை நான்கு பைட்டுப் பகுதியில் அமைந்தன. கல்வெட்டையும் கணக்கோலையையும் பதிப்பிக்கும் தளம் குறைவடிவத்திலேயே நின்றால், கடுமுறையில் அப்பதிவு மறுக்கப்படும். கடுமுறை நீக்கப்பட்டிருப்பின் குறி வினாக்குறியாகும், அல்லது அவ்விடத்தோடு பனுவல் அறுபடும். இணைப்பு, புலம் இரண்டும் நான்கு பைட்டு வடிவில் இருத்தல் வேண்டும். போஸ்ட்கிரெஸ்கியூஎல்லின் யூடிஎஃப்-8இல் இவ்விடர் இல்லை.

சரிபார்ப்பு

பதிவுகளின் எண்ணிக்கை இரு தளங்களிலும் ஒத்திருத்தல் சரிபார்ப்பாகாது. புள்ளி இழந்த பதிவும் ஒரு பதிவே. மீட்புக்குப்பின் மைஎஸ்கியூஎல்லிலும், மாற்றத்துக்குப்பின் போஸ்ட்கிரெஸ்கியூஎல்லிலும் புள்ளி, உகரக் குறி, ஏ, ஐ ஆகிய நான்கின் மொத்த வருகையைத் தனித்தனியே எண்ணி ஒப்பிடுதல் வேண்டும். மீட்பின்போதே இழப்பு நேர்ந்திருந்தால் இவ்வொப்பீடு அதனைக் காட்டாது. ஆகையால் மாற்றத்துக்கு முன்னெடுத்த மூலப்படியில் மேற்காட்டிய மும்மூன்று பைட்டுத் தொடர்களின் வருகையையும் எண்ணிவைத்தல் நலம். மூலம் இருமுறை குறியாக்கம் பெற்றதாயின், அத்தொடர்கள் அதில் ஆறு பைட்டுகளாக விரிந்திருக்கும் என்பதைக் கருத்திற்கொண்டு எண்ணுக.

எண்ணிக்கை ஒத்திருந்தும் தேடலில் சில சொற்கள் அகப்படாமை உண்டு. ஒகரக் குறியை ஒரே குறியெண்ணாகவும், கொம்பும் காலும் என இரண்டாகவும் உள்ளிடலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, போஸ்ட்கிரெஸ்கியூஎல்லின் இயல்பான ஒப்பீட்டுக்கு அவை வேறு. 13ஆம் பதிப்பு (2020) முதல் அதிலுள்ள இயல்பாக்கச் செயற்கூற்றைக் கொண்டு பனுவல் முழுவதையும், தேடுவோர் உள்ளிடும் சொல்லையும் ஒரே வடிவுக்குக் கொணர்ந்தால் அச்சொற்கள் அகப்படும்.