மலைத் தோட்டங்களில் உறைபனி

நீலகிரியில் மழை ஓய்ந்து வானம் தெளிந்ததும் குடியானவர்களுக்குக் கவலை பிறக்கிறது. கடல் மட்டத்திற்குமேல் ஏறக்குறைய 7,300 அடி உயரத்திலுள்ள உதகமண்டலத்தைச் சூழ்ந்த பள்ளத்தாக்குகளில், கார்த்திகை முதல் மாசி வரை பல விடியற்காலைகளில் புல்தரை சுண்ணாம்பு தெளித்தாற்போல் வெளுத்துக் கிடக்கும். வெயில் ஏறியதும் வெண்மை மறையும். உருளைக்கிழங்குத் தழையோ வெந்ததுபோல் கறுத்துத் தொங்கும். ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் நட்ட கடைபோகப் பயிரில் கிழங்கு பருக்கும் தருணத்தில் முதற்பனி முந்திக்கொண்டால், விதைக்கும் எருவுக்கும் இட்ட முதல் திரும்புவது அரிது.

உறைபனி வானத்திலிருந்து விழுவதன்று. மேகமும் காற்றும் இல்லாத இரவில் பூமி தன் உஷ்ணத்தை ஆகாயத்தில் இழக்கிறது. தரையையொட்டிக் குளிர்ந்த காற்று, கனமுடையதாதலின், நீரைப்போல் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்குகிறது. ஆளுயரத்தில் வெப்பமானி 36 பாரன்ஹீட் டிகிரி காட்டும்போதே தரையில் நீர் உறைவதுண்டு. இதனாலேயே மேட்டுப் பாத்தி தப்ப, ஈரமும் வளமும் மிக்க பள்ளப் பாத்தி கருகுகிறது.

ஆகையால் பள்ள நிலத்தில் கடைபோகத்தை முந்தி நடுதல் நன்று. கீழ்ப்புற வேலி அடர்ந்திருப்பின், குளிர்காற்று வெளியேற அதில் வழி விடவேண்டும். பனி எதிர்பார்க்கும் நாளில் பகலிலேயே மண்ணை நனைத்துவைத்தால், ஈர மண் பகல் உஷ்ணத்தை அதிகம் ஏற்று இரவில் மெல்ல விடும். தூவிப் பாய்ச்சுவோர் உறையுமுன் தொடங்கி, பனிக்கட்டி முற்றும் கரையும்வரை நிறுத்தலாகாது. இடையில் நிறுத்துவது சேதத்தை மிகுவிக்கும். நாற்றங்கால்களையும் பூஞ்செடிகளையும் மாலையில் மூடி, வெயில் வந்தபின் திறக்கவேண்டும். புகைமூட்டத்தால் பயன் சொற்பமே.

தழை கருகியதும் கிழங்கை அவசரமாகத் தோண்ட வேண்டியதில்லை. நன்றாக மண் அணைத்த பயிரில் கிழங்கு பிழைத்திருக்கும். இரண்டு, மூன்று வாரம் மண்ணில் விட்டால் தோல் முதிர்ந்து, சேமிப்புக்குத் தாங்கும்.

கிராம அதிகாரிகள் உறைபனி கண்ட அன்றே நிலங்களைப் பார்வையிட்டுக் குறித்துக்கொள்வது அவசியம். நாள் கடந்தால் பனியில் கருகிய தழைக்கும் கருகல் நோய் கண்ட தழைக்கும் வேற்றுமை காண்பது கடினம். உண்மையாகவே நஷ்டமடைந்தவரின் விண்ணப்பம் அதனால் பழுதுபடலாம். எந்தப் பள்ளத்தில் முதலில் பனி படிகிறதென்று ஆண்டுதோறும் எழுதிவைத்தால், அடுத்த போகத்தில் எங்கே முந்தி நடுவதென்பதை அக்குறிப்பே காட்டும்.